நூலகம்: இல்லை

கொல்லிமலை,
டிசம்பர் 5

மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி இளங்கோ, அவன் மனைவி யமுனா, குழந்தை தேன்மொழி எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்பது முறை. ஆனால் உன்னை வீடியோவில் ஊரே பார்த்துவிட்டது, கன்னம் உப்பி நன்றாகத்தான் இருக்கிறாய், அதனால் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று பூனாவில் உன்கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். பேசிப் பதிந்து அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாயாம், போன தடவை வந்தபோது நீயே பெருமையாகச் சொன்னாய். என் கோபத்தை அணில் கத்துகிற மாதிரி ஆக்கிக் கேட்க உனக்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை. இதை உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படி.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அதற்குப் பொறுமை இருக்காது. உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, நான்கு நாள் கஞ்சி குடித்தாள், இப்போது என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். செவலை மாடு கன்று போட்டது, கிடாரி. மிளகு இந்த வருடம் விடாமல் பெய்த மழையில் சரம் சரமாக உதிர்ந்துவிட்டது. இளங்கோ சனிக்கிழமை தவறாமல் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு லோடு ஏற்றிக்கொண்டு இறங்குகிறான், வண்டிக்குப் பிரேக் மாற்ற வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன், கேட்கிற மாதிரி தெரியவில்லை. நீயாவது ஒரு வார்த்தை சொல். உனக்கு அம்மா சாமை இரண்டு படி புடைத்து வைத்திருக்கிறாள், நான் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். அவள் அந்த வீடியோவைப் பதினொரு தடவை பார்த்துவிட்டாள். நீ இங்கிலீஷில் பேசுகிறாய் என்பதே அவளுக்குப் போதும், அடியில் ஓடுகிற எழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் கண்ணு எப்படிப் பேசுது பாருங்க என்று போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திக் காட்டுகிறாள், நீ என்ன பேசினாய் என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அந்த வீடியோவுக்கு வருகிறேன். உன் கம்பெனி நம்மூர்த் தொடக்கப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை திறந்ததே, அதற்கு ஒரே ஒரு நாள் வந்து போனாயே, அன்றைக்கு எடுத்தது. குப்புசாமிதான் கொண்டுவந்து காட்டினான், டீக்கடையில் பத்துப் பேர் நடுவில். பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாய். நீ இங்கிலீஷில் பேசப் பேச அடியில் தமிழ் ஓடுகிறது. நான் படித்தபோது இங்கே நூலகம் கிடையாது, பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகத்தை நான் தொட்டதே இல்லை, இன்றைக்கும் இந்த ஊர்க் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை, அதை மாற்றத்தான் வந்திருக்கிறோம் என்கிறாய். நீ படித்தபோது நூலகம் இல்லை, வாஸ்தவம். விமலா டீச்சர் ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகம் வைத்திருந்தார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உனக்குத்தான் முதலில் திறந்துவிடுவார். சரி, அதையும் விட்டுவிடுகிறேன், அவர் ஓய்வு பெற்றுச் சேலத்தோடு போய்விட்டார், வீடியோவைப் பார்த்தாரோ என்னவோ. இன்றைக்கும் ஒருவரும் இல்லை என்றாயே, அதைச் சொல்லும்போது உனக்குப் பத்தடி தள்ளித் தண்ணீர் டம்ளர் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்? உன் தம்பி மனைவி. ஆறு வருடமாக அந்தப் பள்ளியில் நூலகத்தை நடத்திவந்தவள். வீடியோவில் அவளும் வருகிறாள், மூன்று வினாடி. கீழே பெயர் போட்டிருக்கிறது: யமுனா, பயனாளியின் தாய். படித்ததும் கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். யமுனா மலையின் அந்தப் பக்கத்துப் பெரக்கரை நாட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோதே பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தாள். தேன்மொழி நடக்கப் பழகிய சமயம், பள்ளியின் மூன்றாவது அறையில் ஒடிந்த பெஞ்சுகளும் வௌவால் எச்சமும்தான் கிடந்தன. தலைமை ஆசிரியை ஜாஸ்மின் டீச்சர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த புதிது, அவரிடம் போய் இந்த அறையை எனக்குக் கொடுங்க டீச்சர், நான் பார்த்துக்கிறேன் என்று கேட்டு வாங்கினாள். இளங்கோ பலகை அறுத்து அலமாரி அடித்தான். அரசாங்கம் கொடுத்த புத்தகங்கள் கட்டுக்கூடப் பிரிக்காமல் இருந்தன, அவற்றை எடுத்து அடுக்கினாள், மீதியை இவரிடம் அவரிடம் கேட்டுச் சேர்த்தாள். புதனும் வெள்ளியும் மத்தியானம் முழுக்க அவள் வகுப்புதான். வெட்டிய பாட்டிலை வைத்து மழை அளக்கச் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து சுவரில் எழுதுவார்கள். கொட்டாங்குச்சியில் தராசு கட்டி மிளகையும் சாமையையும் நிறுத்துக் கணக்குப் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்துப்போனால் யாராவது ஒருவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் ஒரு நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அந்த நோட்டில் என் கையெழுத்தே நூறு இடத்துக்கு மேல் இருக்கும், தேன்மொழி என்னைத்தான் பிடித்து உட்கார வைப்பாள். சம்பளம் என்று ஒருவரும் அவளுக்கு எதுவும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, அதுவும் நாத்தனார் என்ற உரிமையில் உன்னிடம். நங்கையா, பிள்ளைங்களுக்குக் கோடிங் சொல்லித்தரலாம்னு இருக்கேன், உங்க ஆபீஸ்ல பழைய லேப்டாப் ரெண்டு இருந்தா அனுப்புங்க என்று உனக்குச் செய்தி அனுப்பினாள். நான்கு மாதம் பதில் இல்லை. அப்புறம் உன் கம்பெனியே வந்து இறங்கியது.

கம்ப்யூட்டரே கூடாது என்று சொல்லும் மடையன் நான் இல்லை, அதை முதலில் புரிந்துகொள். பன்னிரண்டு மிஷின் வந்தது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. தேன்மொழி ஒரு கரடி வரைந்து, கட்டளைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, அது பலாமரத்தில் ஏறிப் பழத்தைத் தள்ளிவிட்டு இறங்குகிற மாதிரி செய்துவைத்திருக்கிறாள். ஒரு கட்டளையை மாற்றிப் போட்டால் கரடி அந்தரத்தில் நின்றுவிடுகிறது, எங்கே தப்பு என்று அவளே தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்தாள். நான் கை தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்கிற பையன் நந்தகுமாரும் நல்லவன்தான், வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி எழுபது வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேருகிறான், அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் சாவியும் அவனோடுதான் வருகிறது, அவனோடுதான் போகிறது. மிஷினுக்குப் பொறுப்பு அவனாம், அப்படி ஒரு விதியாம். மீதி நாளெல்லாம் நம்மூர் அறையின் சாவி நாமக்கல்லில் கிடக்கிறது. மேகம் இறங்கிவிட்டாலோ கரண்ட் போய்விட்டாலோ அந்த இரண்டு நாளும் இல்லை. பாய் மாதிரி ஒன்றைத் தரை முழுக்க விரித்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் சேற்றுக்காலோடு வந்தால் உள்ளே விடுவதில்லை, இந்த மலையில் மழைக்காலத்தில் வேறு எந்தக் காலோடு பிள்ளைகள் வருவார்கள் என்று உன் ஆபீசில் யாரையாவது கேட்டுச் சொல். மழை அளவு எழுதிவந்த சுவரில் நீலப் பெயிண்ட் அடித்து ஒரு ரோபோ படம் வரைந்தாயிற்று. புத்தகத்தில் தூசி இருக்கிறது, மிஷினுக்கு ஆகாது என்று அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்களையும் உர மூட்டைச் சாக்கில் கட்டிச் சத்துணவுக் கூடத்துப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். நேற்று ஒரு சாக்கைப் பிரித்தேன். எலி குட்டி போட்டிருக்கிறது. யமுனா குட்டிகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாக்கைத் திரும்பக் கட்டினாள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்கப் போன மாதமே ஜாஸ்மின் டீச்சரிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். எங்கூட்டுப் பெண்ணோட ஆறு வருச வேலைய யாரைக் கேட்டு மூட்டை கட்டுனீங்க என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆடி மாதம் உன் கம்பெனி சார்பில் விவரம் எடுக்க வந்த பெண் நிரப்பிய படிவம். நூலகம்: இல்லை. கதைப் புத்தகங்கள்: இல்லை. அறிவியல் கருவிகள்: இல்லை. வாசிக்க உதவும் தன்னார்வலர்: இல்லை. அடியில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் பொ. செல்லமுத்து என்று என் கையெழுத்து. கவிதா, அந்த இடத்தில் நான் நின்ற நிலையை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, வெட்கத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்றைக்கு டீச்சர் பயிற்சிக்குச் செம்மேடு போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்து வேலியோரம் மாட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு மிஷினை வைத்துக்கொண்டு, ஐயா இந்தப் பள்ளியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். கீழ்நாட்டிலிருந்து அட்டை போட்ட ஆள் ஏறி வந்து என்ன இருக்கிறது என்று கேட்டால் நம் ஆட்கள் வாயில் என்ன வரும்? ஒண்ணுமில்லீங்க. ஐம்பது மிளகுக் கொடி இருந்தால் பத்து என்போம், பத்து ஆடு இருந்தால் இரண்டு என்போம். உன் தாத்தா காலத்தில் ஒருவர் வந்து பலாமரம் எத்தனை என்று கேட்டார், இவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், மரத்துக்கு மரம் நம்பர் போட்டுவிட்டுப் போனார், நம்பர் விழுந்த மரம் அப்புறம் நம்முடையதாக இல்லை. அதிலிருந்து வந்த பழக்கம். அந்தப் பெண் நூலகம் உண்டா என்றாள், இல்லீங்க. புத்தகம், அதெல்லாம் ஏதுங்க. சொல்லித்தர ஆள், யாருமில்லீங்க. வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது, அவள் நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன், மாடு கயிற்றை இழுத்ததால் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதைத்தான் நீ பிடித்துக்கொண்டாய். போனில் கேட்டபோது, நீங்க ஃபார்ம்ல சொன்னதைத்தானப்பா நான் பேசினேன், ஸ்கிரிப்டை அதை வச்சுத்தான் எழுதினாங்க என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டாய். கூடவே, நூறு குழந்தைகளுக்கு நல்லது நடக்குது, ஒருத்தருக்காக அதை நிறுத்தச் சொல்றீங்களா என்றும் கேட்டாய். இந்தப் பள்ளியில் இருப்பது நாற்பத்து மூன்று குழந்தைகள், நூறு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அதுவும் யாராவது எழுதிக் கொடுத்ததாக இருக்கும். நான் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நம் பழக்கம் தெரியாது, நான் சொன்னதை நம்பி எழுதினாள், அவள்மேல் தப்பில்லை. உனக்குத் தெரியும். ஏழு வயதில் கணக்கெடுக்க ஆள் வருகிறது என்றதும் ஆட்டுக்குட்டிகளைப் பாறைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய், கத்திவிடக் கூடாது என்று அதுகள் வாயில் பலா இலையைத் திணித்துத் திணித்து உட்கார்ந்திருந்தவள் நீ. இந்த ஊர்க்காரன் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பூனாவில் அந்தக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீதான். படிவத்தில் அப்பா பெயரைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, இது எங்கள் ஊர்ப் பேச்சு, நம்பாதீர்கள், யமுனாவைக் கேளுங்கள் என்று ஒரு கோடு போட்டு அடித்திருக்க வேண்டும். அவள் உனக்கு அனுப்பிய போட்டோக்கள் உன் போனிலேயே இருந்தன, சுவரில் மழைக் கணக்கு, அலமாரி, எல்லாம். நீ அடிக்கவில்லை. ஒன்றும் இல்லாத ஊரிலிருந்து தானாக முளைத்து வந்தவள் என்று நிற்பது உனக்கு நன்றாக இருந்தது, அதனால் விட்டுவிட்டாய். நான் பயத்தில் பொய் சொன்னேன், நீ அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னாய்.

போன வியாழக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். வருகிற பதினெட்டாம் தேதி உன் கம்பெனிக்காரர்கள் வந்து மூன்று வருடத்துக்கு அந்த அறையை எழுதி வாங்கப் போகிறார்கள், அதில் போடுகிற கையெழுத்துகளில் மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் என்னுடையதும் ஒன்று. எல்லோரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து அந்தப் படிவத்தை வாசித்துக் காட்டி, இது நான் சொன்ன பொய் என்றேன். அப்புறம் குப்புசாமி, ஏனுங்கண்ணா, ஆட்டுக்குட்டிய ஒளிக்கிற மாதிரி எங்க புள்ளைங்க புத்தகத்தையே ஒளிச்சுப்போட்டீங்களே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அறுபத்து மூன்று வயதில் அத்தனை பேர் முன்னால் சிரிப்பாகச் சிரித்துப்போய் நின்றேன். செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை, அவன் மகள் போன வருடம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள், இந்த மூணு மாசத்துல எம்புள்ள எல்லாத்தையும் மறந்துட்டா, அதுக்கு யாரு பதில் சொல்றது என்று என்னைப் பார்த்துக் கேட்டான். கடைசியில் மூன்று விஷயம் தீர்மானமாக எழுதினோம். சாவி ஊரில் இருக்க வேண்டும், புத்தகங்கள் அதே அறைக்குத் திரும்ப வேண்டும், புதனும் வெள்ளியும் யமுனாவின் வகுப்பு நடக்க வேண்டும். ஜாஸ்மின் டீச்சர் அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. நூலகமே இல்லாத பள்ளி என்றுதான் இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம், இருந்தது என்றால் தேர்வே தவறாகிவிடும், மிஷின்களை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியிருக்கும், உங்கள் ஊரைச் சேர்ந்த கவிதா மேடம் உண்மை நிலையை எழுத்தில் உறுதி செய்தால் மட்டும் மிஷின்களை இங்கேயே விட்டு உங்கள் நிபந்தனைகளைப் பரிசீலிக்கிறோம் என்று.

ஆகவே விஷயம் இப்போது உன் கையில் இருக்கிறது. நீ எழுதிக் கொடுத்தால் மிஷினும் இருக்கும், புத்தகமும் இருக்கும். எழுதினால் நீ வீடியோவில் பேசியது பொய் என்று உன் ஆபீசுக்குத் தெரியும், உனக்குத் தலைகுனிவு வரும், உன் மேலதிகாரி என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாமல் இல்லை. நீ எழுதாவிட்டால் பதினெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போட மாட்டேன். லாரி வந்து பன்னிரண்டு மிஷினையும் ஏற்றிக்கொண்டு போகும்போது நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்று பார்ப்பார்கள், தேன்மொழியின் கரடியும் அதிலேயே போகும், தாத்தாதான் அனுப்பினார் என்று அவள் சாகும் வரைக்கும் சொல்வாள். அதையும் செய்வேன், என்னைத் தெரியும் உனக்கு. அந்தப் பாவத்தை என் தலையில் வைக்காதே.

யமுனா இதில் எதையும் உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு, மாமா, நான்தானுங்க முதல்ல லேப்டாப் கேட்டு இதை இழுத்துவிட்டது, நங்கையாவைத் திட்டாதீங்க என்றாள். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வாசலூர்பட்டியில் படகு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் உட்கார ஆள் கேட்டார்களாம், ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டித்தான் வர முடியும். ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அந்த அறையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை என்பது நிஜமாகிவிடும், நீயும் நானும் சொன்னது பலித்துவிடும்.

குளிர் காலம், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீஸ் போகாதே. ராத்திரி சோற்றைத் தவிர்க்கிறாயாம், அம்மா கவலைப்படுகிறாள், களி இல்லாவிட்டாலும் கஞ்சியாவது குடி. அறப்பளீஸ்வரர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், இதை நான் கோபத்திலும் மனதாரத்தான் சொல்கிறேன். கம்பெனிக்கு எழுத வேண்டியதைப் பதினெட்டுக்குள் எழுது. அதற்கு முன்னால் யமுனாவுக்குப் போன் போடு, எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு. பொங்கலுக்கு நீ வருவதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ வந்தால் உனக்கு இலை போட்டுப் பரிமாறப் போவது அவள்தான். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க நங்கையா என்றுதான் சொல்வாள், நீயும் போட்டுக்கொண்டு சாப்பிடுவாய். அதை எதிரில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. அவளிடம் பேசிவிட்டு வா.

இப்படிக்கு
உன் அப்பா
பொ. செல்லமுத்து